ஒற்றைக்கை ஷட்டர்

"மாப்ளே, உங்க சின்ன மாமனார்கிட்ட சொல்லுங்க. பூட்டுத் திறக்கத் தெரிஞ்ச கை இன்னும் எதையெல்லாம் திறக்கும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க!"

"மாப்ளே, உங்க மாமனார்கிட்ட கேளுங்க. அவர் பக்கம் கெட்டப்ப வாயே திறக்காதவரு, என் பக்கம் கெட்டதும் எதுக்கு இந்தக் குதி குதிக்கிறாருன்னு கேளுங்க!"

"நான் எங்கே குதிச்சேன்? குதிக்கிற வயசா எனக்கு? அதையும் சொல்லுங்க மாப்ளே!"

கத்திக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளிதான் இருந்தது. அதில் சொருகினாற்போல் நின்ற அண்ணனின் மாப்பிள்ளை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துச் சுளுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். சொல்லச் சொன்னதை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை; தெருக்கோடி வரை கேட்டது. பின்னால் கடையின் ஷட்டர், இடது பக்கம் மேலேறி வலது பக்கம் மாட்டிக்கொண்டு, ஒரு தோளைத் தூக்கி 'எனக்கென்ன தெரியும்' என்று சொல்வதுபோல் நின்றது.

அண்ணனுக்குக் குடை வியாபாரம், ரிப்பேரும் உண்டு. தம்பிக்குப் பூட்டும் சாவியும். அப்பா விட்டுப்போன ஒரே கடையை நடுவில் அலமாரி வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள், ஷட்டரைப் பிரிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. ஏன் நின்றது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அப்பாவின் நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் வந்த சண்டை என்பதுதான் அதிகம் பேர் நம்பும் கதை.

"கடைசியாச் சொல்றேன் மாப்ளே," என்றார் குடைக்காரர். "பேக்கரிக்காரர் என் பாதியைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஞாயித்துக்கிழமை வர்றாரு. கொடுத்துட்டு மகன் ஊருக்குப் போறேன். அப்புறம் யார் யார் ஷட்டரை வேணாலும் உடைச்சுக்கட்டும்."

பூட்டுக்காரர் கோணிக்கொண்ட ஷட்டரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்வளவையும் எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அக்கம்பக்கத்தில் யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணிக்கு நாத்தனார், அதனால் தெருவுக்கே நாத்தனார். கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டிலேயே தங்கியவள், அண்ணன் போன பிறகும் அண்ணியை விட்டுப் போகவில்லை. தெருவின் இரண்டு முனையும் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்படி ஜன்னல் சட்டத்தில் சாய்த்து மாட்டிய கண்ணாடி ஒன்று அவளிடம் உண்டு. அதைச் செய்து கொடுத்தவரும் இதே மாப்பிள்ளைதான். எட்டிப் பார்த்துப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அவள் சொன்னதை இரக்கத்தோடு கேட்டு, மறுவாரமே கொண்டுவந்து மாட்டினார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி என்பது நாத்தனாரின் கட்சி.

பொம்மைத் தொழிற்சாலையில் சாவி கொடுத்தால் நடக்கும் வாத்து செய்வதுதான் மாப்பிள்ளையின் வேலை. ஓய்வு நேரத்தில் தெருவுக்கே ஏதாவது செய்து கொடுப்பார். பஸ்ஸில் தூங்கி இறங்குமிடத்தைக் கோட்டை விடும் டீச்சருக்கு, தாடை கவிழ்ந்தால் கிணுகிணுக்கும் கழுத்துப்பட்டை. டீச்சர் அதைக் கழற்ற மறந்து வகுப்பில் விடைத்தாள் திருத்தக் குனிந்தபோதெல்லாம் மணியடித்து, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியது தனிக் கதை.

சண்டை முடிந்த கையோடு மாப்பிள்ளை எதிர்வீட்டுப் படியேறினார்.

அண்ணி முன்னறையில் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள். பெட்டியைத் தொலைத்தவர், தொலைத்ததாகச் சொல்பவர், அடுத்தவர் பெட்டியைத் தன்னுடையது என்று சத்தியம் செய்பவர் என்று ஒரு ஊர் ஜனத்தையே பார்த்து முடித்தவள். தெருவில் எது காணாமல் போனாலும், யார் வீட்டுக் கண்ணாடி உடைந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையை நாத்தனார் தீர்த்துவைத்தாள்.

"அக்கா, நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றார் மாப்பிள்ளை, உட்காராமலே. "என் மெஷினை யாரோ கெடுக்கறாங்க. முதல்ல மாமா பக்கம். இப்ப சின்ன மாமா பக்கம். யாருன்னு தெரியாம ஞாயித்துக்கிழமை வந்துட்டா மாமா கடையைக் கொடுத்துடுவாரு. என்னாலதான் குடும்பம் பிரிஞ்சுதுன்னு என் வீட்டுக்காரி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா."

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றாள் நாத்தனார். "பூட்டுக்காரர்தான். தெருவே சொல்லுது."

"தெரு சொல்லுதா, நீ சொன்னதைத் தெரு திருப்பிச் சொல்லுதா?" என்று அண்ணி நூலைக் கடித்தாள். "உக்காருங்க மாப்ளே. முதல்லேருந்து சொல்லுங்க."

பழைய ஷட்டரின் சுருள்வில் எப்போதோ செத்துவிட்டது. ஓர் ஆளால் தூக்க முடியாது; நடுவில் பிடித்துத் தூக்கினால் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொருவர் நின்று ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். அதனால் பேச்சு நின்ற பிறகும் அண்ணனும் தம்பியும் தினமும் காலையில் ஷட்டர் முன்னால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். ஒருவர் "ம்" என்பார். மற்றவர் "ம்" என்பார். ஷட்டர் ஏறும். சாயங்காலம் இறக்கும்போது அதேபோல் இன்னொரு தடவை.

மாமனார் தோளைத் தடவிக்கொண்டதை ஒருநாள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். விடுவாரா? உள்பக்கம் இரண்டு ஓரச் சுவரிலும் நீளமான மரப்பெட்டி அடித்து, மேலே கப்பி வைத்து, கம்பி வடத்தின் ஒரு நுனியை ஷட்டரிலும் மறுநுனியை மணல் மூட்டையிலும் மாட்டினார். மூட்டை இறங்க ஷட்டர் ஏறும். நடுவில் ஒரு கைப்பிடி. அதை ஒற்றைக் கையால் தூக்கினால் போதும். 'ஒற்றைக்கை' என்று பெயரும் வைத்தார்.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி.

"எல்லாம் சுகம்தான். மாமா அவர் நேரத்துக்கு வந்து திறந்துக்குவாரு. சின்ன மாமா வெயில் ஏறினப்புறம் வருவாரு. யாருக்காக யாரும் நிக்க வேண்டியதில்ல. ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒருநாள் காலையில மாமா பக்கத்து மூட்டையில மணலே இல்ல. காலி. தரையில ஒரு சிட்டிகைகூடச் சிந்தல. மாமா என்னடான்னா, மெஷின் சரியில்லை, கழட்டிடுங்க, பழையபடியே தூக்கிக்கறோம்னாரு. எனக்குத் தன்மானம் இருக்கா இல்லையா? யாரோ வேணும்னு கெடுத்திருக்காங்கன்னு அடிச்சுச் சொன்னேன். வேற மூட்டை போட்டு ரெண்டு பெட்டிக்கும் பூட்டும் போட்டேன். சாவி என் இடுப்புல. இப்ப பாருங்க, பூட்டுப் பூட்டினபடி இருக்கு, சின்ன மாமா பக்கத்துக் கொக்கி கழண்டு கிடக்கு!"

"கடைக்குள்ள வேற வழி உண்டா?"

"பின்கதவு இருக்கு. சாவி ரெண்டு பேர்கிட்டயும் உண்டு."

"பூட்டை எங்கே வாங்கினீங்க?"

மாப்பிள்ளை நெளிந்தார். "அடுத்த தெருவுல. சின்ன மாமா கடையில வாங்கினா சரியா இருக்காதேன்னு…"

"அது ஒண்ணு போதுமே அவருக்கு," என்று சிரித்தாள் நாத்தனார்.

அண்ணி சிரிக்கவில்லை. "இந்த மெஷினை யார் கேட்டாங்க மாப்ளே?"

"கேக்கறதுன்னா… யாரும் கேக்கல. வேண்டாம்பாங்களோன்னு, மாமாகிட்ட போய் சின்ன மாமா சரின்னுட்டார்னேன். அவர்கிட்ட போய் மாமா சரின்னுட்டார்னேன். நல்லதுக்குத்தானே!"

அண்ணி பித்தானை விட்டுவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

கடையைப் பார்க்கக் கிளம்பியபோது வானம் மூட்டமாக இருந்தது. அண்ணி மூலையிலிருந்த குடையை எடுக்கப் போனாள்.

"அது வேணாம் அண்ணி! கொஞ்ச நாள் முன்னாடி குடைக்காரர்கிட்ட ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினேன் இல்ல? சந்தையில விரிச்சேன், தலையெல்லாம் மண்ணு. காய்காரி சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. நேரா கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டேன். அந்த மனுஷன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. முகம் செவந்து போச்சு. பேசாம புதுக் கைப்பிடி மாட்டிக் கொடுத்தாரு. முன்னெல்லாம் எவ்வளவு சுத்தமா வேலை செய்வாரு. வயசாச்சு, பாவம்."

அண்ணி அந்தக் குடையையே எடுத்துக்கொண்டாள்.

வலது பெட்டியை மாப்பிள்ளை திறந்து காட்டினார். பூட்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளே மூட்டை அடியில் பத்திரமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் நான்காக மடித்த துணி. துணியின்மேல் கொக்கியும் அதை முடுக்கும் மரையும். மரையில் புது எண்ணெய் மினுமினுத்தது.

"எவ்வளவு திமிர் பாருங்க," என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "கழட்டி அலங்காரமா வேற வச்சுட்டுப் போயிருக்கான்."

முதல் தடவை காலியான மூட்டையை மாப்பிள்ளை பையிலிருந்து எடுத்தார். பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, அவர் மனைவி நீல நூலில் தைத்துக் கொடுத்தது. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டிலும் வாயிலும் நீல நூல். அடியில் மட்டும் கறுப்பு நூல். நெருக்கமான இரட்டைத் தையல், முடிச்சு வெளியே தெரியாமல் உள்ளே மடக்கியிருந்தது. ஓட்டை எங்கும் இல்லை.

"அதான் மர்மமே!" என்றார் மாப்பிள்ளை. "ஓட்டையில்லாம மணல் எப்படிப் போகும்?"

"நல்லாத்தான் தைச்சிருக்கு," என்று நாத்தனாரும் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.

குடைக்காரர் தன் பாதியில் ஒரு குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மெஷின் எப்படி என்று அண்ணி கேட்டாள்.

"மாப்பிள்ளை நல்லாத்தான் செஞ்சிருக்காரு. ஒரு விரல் போதும். தூக்கிட்டு உள்ள வந்து உக்காந்துடுவேன்."

"தம்பி?"

"யாருக்குத் தெரியும்? வெயில் ஏறித்தான் வர்றாரு போல. அவருக்கு அதானே வேணும், என் முகத்துல முழிக்காம இருக்கணும். அதுக்குத்தானே சரின்னாரு." கம்பி அவர் கையில் தேவைக்கு மேல் வளைந்துவிட்டது.

அலமாரிக்கு அந்தப் பக்கம் பூட்டுக்காரர் ஏற்கெனவே பளபளத்த பூட்டொன்றை மேலும் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டிப் பூட்டைப் பற்றிக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த தெருப் பூட்டா? ஹேர்பின் போதும்மா. எங்கிட்ட கேட்டிருந்தா நல்லதாக் கொடுத்திருப்பேன்."

"மெஷின் வந்ததுல உங்களுக்குச் சௌகரியம்தானே?"

"பின்ன? முன்னாடி அவர் வர்ற வரைக்கும் மழையோ வெயிலோ வாசல்ல நிக்கணும். இப்ப அந்தத் தொல்லை இல்லை. அவருக்குத் தொல்லை விட்டுது. அதனாலதானே உடனே சம்மதிச்சாரு." துடைத்த பூட்டைக் கீழே வைத்துவிட்டு, அதையே மறுபடி எடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் நாத்தனாருக்கு நாக்கு அரித்தது. "ஹேர்பின் போதும்னு வாய்விட்டே சொல்லிட்டாரு அண்ணி! முதல் நாள் அண்ணன் பக்கத்தைக் கெடுத்தாரு. சந்தேகம் வரக்கூடாதுன்னு அடுத்து தன் பக்கத்தைக் கெடுத்துக்கிட்டாரு. முடிஞ்சுது!"

"அப்ப மணல் எப்படிப் போச்சு?"

"அது… ஊதி விட்டிருப்பாரு."

"சரி. கெட்டுப்போன அந்த ரெண்டு காலையிலயும் உன் கண்ணாடியில என்ன தெரிஞ்சுது? நீ நினைச்சதைச் சொல்லாத. பாத்ததைச் சொல்லு."

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நாத்தனார் இத்தனை காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "முதல் நாள், குடைக்காரர் முதல்ல வந்தாரு. இடது ஓரமா நின்னுக்கிட்டுப் பேப்பர் படிச்சாரு. ரொம்ப நேரம். அப்புறம் தம்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பாத்தாரு, வரலை. ரெண்டு பேரும் ஓரத்துக்குப் போய் 'ம்', 'ம்'னு தூக்கினாங்க. தூக்கினப்புறம் உள்ள போகாம கொஞ்ச நேரம் நின்னாங்க. முறைச்சுக்கிட்டு."

"முறைச்சாங்களா, நின்னாங்களா?"

"நின்னாங்க. முறைக்காம எதுக்கு நிக்கணும்?"

"இன்னிக்கு?"

"இன்னிக்கு அதிசயம். தம்பி வெள்ளனவே வந்துட்டாரு. வலது ஓரமா நின்னு வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தாரு. அண்ணன் வந்து கைப்பிடியைத் தூக்கப் போய், ஷட்டர் கோணிக்கிச்சு. அதுக்குள்ள மாப்பிள்ளை ஓடி வந்து பெட்டியைத் திறந்து, யாரோ கெடுத்துட்டாங்கன்னு கத்தி, சண்டை ஆரம்பிச்சிடுச்சு. 'ம்' சொல்லவே இல்லை."

அண்ணி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பிறகு, சம்பந்தமே இல்லாமல் கேட்டாள். "மாப்பிள்ளை செஞ்சு கொடுத்ததுல எதெல்லாம் திரும்பி வந்திருக்கு?"

இதுவும் நாத்தனாருக்குத் தெரியாததா? குறட்டை விட்டால் தலையணையை இழுக்கும் கயிறு திரும்பி வந்தது. புருஷன் குறட்டையை நிறுத்தியதும் அந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். பால் பொங்கும் முன் விசிலடிக்கும் மூடியும் திரும்பி வந்தது. பால் பார்ப்பது அந்த வீட்டு மாமியாரின் வேலை. மருமகள் பேச வருவதே அந்த அடுப்படிக்குத்தான்.

"ம்," என்றாள் அண்ணி. "சாயங்காலம் அவங்க ரெண்டு பேரையும் மாப்பிள்ளையையும் வரச்சொல்லு. அவங்க மூணு பேர் மட்டும். தெரியுதா?"

"எனக்குச் சொல்லணுமா அண்ணி?"

நாத்தனார் மூவரிடமும் போய்ச் சொன்னாள். வரும் வழியில் டீச்சரிடம், ரகசியம் என்று சொல்லித்தான் சொன்னாள். குறட்டைக்காரர் மனைவி தானாகவே கேட்டாள். கேட்டவரிடம் எப்படி மறைப்பது? பேக்கரிக்காரருக்குச் சம்பந்தம் உண்டே என்று அவரிடமும் ஒரு வார்த்தை. சாயங்காலம் அண்ணி முன்னறைக்கு வந்தபோது நாற்காலி போதாமல் ஆட்கள் ஜன்னல் விளிம்பிலும் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கடலை கொறிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் மின்விசிறியைப் பார்த்தாள்.

"இன்னொரு நாள் பேசலாமே," என்றாள் அண்ணி.

"அதெல்லாம் ஆகாதுக்கா!" மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "எல்லாரும் வந்ததே நல்லதாப் போச்சு. என் மெஷின் மேல தப்பில்லைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அண்ணனும் தம்பியும் அறையின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்து போகிறவர்தான் குற்றவாளி என்று தெரு முடிவு கட்டிவிடும். அதனால் இருவரும் எழவில்லை.

அண்ணி சற்று நேரம் கையிலிருந்த மூட்டைத் துணியைத் தடவினாள். அப்போதுகூட அவள் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தாள். "இது விரோதத்துல செஞ்ச காரியம் இல்ல—"

"ஆளைச் சொல்லுங்க!" என்றது ஜன்னல் விளிம்பு.

"கெடுக்கணும்னு வந்தவன் கொக்கியை வீசி எறிவான். இங்கே மரைக்கு எண்ணெய் போட்டு, துணி விரிச்சு வச்சிருக்கு. திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டியும் இருக்கு. திறந்த பூட்டைப் பூட்டாம விட்டுப் போகக் கை வராதவர் ஒருத்தர்தான்."

எல்லாத் தலையும் பூட்டுக்காரர் பக்கம் திரும்பியது. "அப்பவே சொன்னோமே!" என்றார் குறட்டைக்காரர். நாத்தனார் பெருமையோடு நிமிர்ந்தாள்.

"இருங்க. முதல் நாள் வேலை அவர் செஞ்சதில்ல. இந்த மூட்டையைப் பாருங்க. நீல நூல்ல தைச்ச அடியைப் பிரிச்சு, மணலைக் கொட்டிட்டு, கறுப்பு நூல்ல திரும்பத் தைச்சிருக்கு. இரட்டைத் தையல், முடிச்சு உள்ளே." நாத்தனாரின் குடையைத் தூக்கிப் பிடித்துத் துணி ஓரத்தைக் காட்டினாள். அதே கறுப்பு நூல், அதே தையல். "பிரிஞ்ச தையலை அப்படியே விடக் குடைக்காரருக்கு மனசு வரல. மணலைத் தரையில சிந்தாம, ரிப்பேருக்கு வந்த குடைகள்ல நிரப்பிப் பின்வாசல்ல கொண்டுபோய்க் கொட்டியிருக்காரு. மடிப்புல தங்கினது என் நாத்தனார் தலையில கொட்டுச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப ரெண்டு பேருமா?"

"தன் பக்கத்தைத் தானேவா!"

"அவரவர் சூனியத்தை அவரவரே வச்சுக்கிட்டாங்களா?" பேக்கரிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அறையைச் சுற்றி வந்து படி வழியே தெருவுக்கும் இறங்கியது. குடைக்காரரின் காது சிவந்தது. பூட்டுக்காரர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். "ஏன்னு கேளுங்க! முதல் நாள் காலையில இவர் கைப்பிடியைத் தொட்டே பாக்கல. ஓரமா நின்னு தம்பி வர்ற வரைக்கும் பேப்பர் படிச்சாரு. இன்னிக்கு அவர் கைப்பிடியைத் தொடல. வெள்ளனவே வந்து அண்ணனுக்காக நின்னாரு. தூக்க முடியாதுன்னு ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரியும். முடியாம இருக்கணும்னுதான் செஞ்சாங்க. மெஷின் வந்ததும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறது நின்னு போச்சு. அதை மத்தவர்தான் விரும்பிக் கேட்டார்னு ரெண்டு பேரும் நம்பினாங்க. அப்படி யாரும் கேக்கல. மாப்பிள்ளை சும்மா சொன்னது. இவங்க ரெண்டு பேருக்கும் வேண்டியிருந்தது ஒண்ணேதான். பழையபடி சேர்ந்து நிக்கணும்."

மாப்பிள்ளை மெல்ல உட்கார்ந்தார்.

பூட்டுக்காரர் தலையைத் தூக்கினார். அறையின் மறுகோடியில் இருந்த அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தார். அப்படி அவர் பார்த்து நாத்தனார் என்றைக்கும் கண்டதில்லை.

கடலை கொறித்துக்கொண்டிருந்தவர் மறுபடியும் சிரித்தார். "அடேயப்பா, ரெண்டு கிழவனுக்கும் ஏக்கத்தைப் பாரேன்!"

குடைக்காரர் விருட்டென்று எழுந்தார். "யார் சொன்னது? நானா? இவன்கூட நிக்கறதுக்கா? மெஷின் பிடிக்கல, பிரிச்சேன். அவ்வளவுதான். இவனுக்காக நான் ஏன் நிக்கணும்?"

பூட்டுக்காரர் பார்வையை எடுத்துக்கொண்டார். எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "மாப்ளே," என்றார் நிதானமாக, "உங்க மாமனார்கிட்ட சொல்லுங்க. எனக்கும் அப்படி ஒண்ணும் இல்லைன்னு."

அவர் போனார். சற்றுப் பொறுத்து, படியில் எதிர்ப்படாத அளவுக்குப் பொறுத்து, குடைக்காரரும் போனார். கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் பேசிச் சிரித்துவிட்டுக் கலைந்தது.

நாற்காலிகளை மடக்கும்போது நாத்தனார் கேட்டாள். "நீங்க சொன்னது தப்பா அண்ணி?"

"இல்ல. சரிதான்."

"அப்புறம் ஏன் ரெண்டு பேரும் இல்லைன்னாங்க?"

"அவங்க ரெண்டு பேரை மட்டும் உக்கார வச்சுச் சொல்லியிருந்தா, இல்லைன்னு சொல்லாமலாவது இருந்திருப்பாங்க."

நாத்தனார் நாற்காலியைச் சுவரோரம் சாத்தினாள். அது சரிந்து விழுந்தது. மறுபடி சாத்தினாள். "நான்தான்…"

"நீ கூப்பிட்டே. கூட்டத்தைப் பாத்தும் நான் வாயை மூடல. கண்டுபிடிச்சதைச் சொல்லாம இருக்க எனக்கு முடியல. விடு, விளக்கைப் போடு."

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் வந்தார். குடைக்காரர் தன் பாதியைக் கொடுத்துவிட்டு, மனைவியோடு மகன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். பேக்கரிக்காரர் நடுவில் சுவர் எழுப்பி இரண்டு பக்கமும் தனித்தனியாக, பொத்தானை அமுக்கினால் ஏறும் ஷட்டர் போட்டார். மாப்பிள்ளை 'ஒற்றைக்கை'யைத் தானே கழற்றி எடுத்துப் போனார். அதற்குப் பிறகு யார் வீட்டிலாவது இடுப்புவலி, தோள்வலி என்று சொன்னால் முதலில் நாலு கேள்வி கேட்பார். பெரும்பாலும் எதுவும் செய்யாமலே திரும்பிவிடுவார். பிறகு தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபோது மனைவியோடு அங்கே போய்விட்டார்.

பூட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பையன் பஸ் டிரைவர், தங்கமானவன். பெரியம்மா வந்து முன்வரிசையில் நின்று எல்லாம் செய்தாள். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, பிரயாணம் கூடாது என்றாள். பூட்டுக்காரர், பரவாயில்லை, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க என்றார். சொன்ன பிறகும், வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்குப் போய் வந்தார். கொஞ்ச நாளில் அவரும் கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போனார். மகளுடைய ஊரிலிருந்து அண்ணன் இருக்கும் ஊருக்கு ஒரே பஸ்தான். மருமகன் ஓட்டுவதே அந்தப் பாதையில்தான்.

போன மழைக்காலத்தில் குடைக்காரரின் மாப்பிள்ளை மனைவியோடு தெருவுக்கு வந்திருந்தார். எதிர்வீட்டுப் படியேறி வந்து காப்பி குடித்தார். மாமா சௌக்கியம் என்றார். சின்ன மாமாவும் சௌக்கியம் என்றார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, நாத்தனாரின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். இருவரும் பார்த்துக்கொண்டார்களா, பேசிக்கொண்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், எல்லாம் வந்திருக்கும். நாத்தனார் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, கேட்காமல் உள்ளே போனாள்.